ஆசிரியர் என்ற கட்டத்தில் ஔவையார்: நூலகப் பட்டியல் தயாரிப்போருக்கு ஒரு திறந்த மடல்

மின்னூலகங்களிலும் கல்லூரி நூலகங்களிலும் ஆசிரியர் பெயர்ப் பட்டியல் தயாரிக்கும் நண்பர்களுக்கு,

வணக்கம். உங்கள் உழைப்பைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தொட்டால் உதிரும் பழைய பதிப்புகளைப் பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்து நீங்கள் ஏற்றி வைத்திருப்பதால்தான், ஊரில் நூலகமே இல்லாத ஒருவரும் இன்று கைப்பேசியில் புறநானூறு படிக்க முடிகிறது. நான் பேச வந்தது ஒரே ஒரு கட்டத்தைப் பற்றி. 'ஆசிரியர்' என்று தலைப்பிட்ட அந்தச் சின்னக் கட்டம்.

அதில் 'ஔவையார்' என்று தட்டித் தேடினால் நற்றிணைப் பாடலும் ஆத்திசூடியும் விநாயகர் அகவலும் ஔவை குறளும் ஒரே அம்மையாரின் பெயருக்குக் கீழே வரிசையாக வந்து நிற்கின்றன. பக்கத்தில் 'காலம்' என்று இன்னொரு கட்டம். அங்கே சங்க காலம் என்று போட்டாலும் தவறு, 12ஆம் நூற்றாண்டு என்று போட்டாலும் தவறு. சில பட்டியல்களில் தேடல் இன்னும் தாராளமாக வேலை செய்கிறது. ஔவையார்குப்பத்தில் பிறந்ததால் ஊர்ப்பெயரை முன்னால் வைத்துக்கொண்ட உரையாசிரியர் ஔவை சு. துரைசாமிப் பிள்ளையும், மேடையில் ஔவையாராக நடித்துப் பெயர் வாங்கிய அவ்வை தி. க. சண்முகமும் அதே வரிசையில் சேர்ந்துவிடுகிறார்கள். இதைப் பார்த்துச் சிரித்துக் கடந்துவிடலாம், யாரும் ஏமாற மாட்டார்கள். முதலில் சொன்ன கலப்பு அப்படிப்பட்டது அல்ல.

சங்க ஔவையாரின் பாடல்கள் மொத்தம் 59. புறம் 33, மீதி 26 அகம். தகடூரை ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்கு நெருக்கமானவர். நெல்லிக்கனியை அவன் தனக்குத் தந்ததை ஒரு பாட்டில் சொல்கிறார். தொண்டைமானிடம் தூது போய், எண்ணெய் பூசி மாலை சூட்டி அடுக்கி வைத்திருக்கும் உன் வேல்கள் எவ்வளவு அழகு, எங்கள் அஞ்சியின் வேல்களோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று பாராட்டுவதுபோலக் குத்துகிறார். அஞ்சி இறந்தபோது பாடிய 'சிறியகட் பெறினே எமக்கீயும் மன்னே' என்ற பாட்டில், கொஞ்சம் கள் கிடைத்தால் எங்களுக்கே கொடுத்துவிடுவான், நிறையக் கிடைத்தால் நாங்கள் பாட அவனும் மகிழ்ந்து குடிப்பான் என்று நினைத்து அழுகிறார். குறுந்தொகையில் 'முட்டுவேன்கொல் தாக்குவேன்கொல்' என்று, தன் நோய் தெரியாமல் உறங்குகிற ஊரைப் பார்த்துக் கொதிக்கும் பெண்ணின் குரலைப் படைத்தவரும் அவர்தான். புறநானூற்றின் 89ஆம் பாட்டில் பகை வேந்தன் அவரை 'வாள்நுதல் விறலி' (ஒளிரும் நெற்றியை உடைய ஆடல்மகளே) என்று விளிக்கிறான். நரைத்த கூந்தலும் ஊன்றுகோலும் அந்தப் பாட்டில் எங்கும் இல்லை.

அப்புறம் இன்னொருவர் இருக்கிறார். ஆத்திசூடி, கொன்றை வேந்தன், மூதுரை, நல்வழி ஆகியவற்றைப் பாடிய ஔவையார். பிள்ளைகளுக்கு எழுத்தையும் ஒழுக்கத்தையும் ஒரே மூச்சில் சொல்லிக் கொடுத்தவர். பொதுவாக 12ஆம் நூற்றாண்டை ஒட்டியவர் என்று கருதப்படுகிறார். இருவரும் வேறு என்பதற்கு ஆராய்ச்சிக் கட்டுரை எதையும் புரட்டத் தேவையில்லை. நல்வழியின் கடைசி வெண்பாவைப் படித்தால் போதும்:

தேவர் குறளும் திருநான் மறைமுடிவும்
மூவர் தமிழும் முனிமொழியும் - கோவை
திருவா சகமும் திருமூலர் சொல்லும்
ஒருவா சகமென் றுணர்.

மூவர் தமிழ் என்றால் சம்பந்தர், அப்பர், சுந்தரர் பாடிய தேவாரம். கோவையும் திருவாசகமும் மாணிக்கவாசகருடையவை. இவற்றையெல்லாம் படித்துத் தேர்ந்த ஒருவர் அதியமான் அவையில் கள் குடித்துக்கொண்டிருந்திருக்க முடியாது. தன் காலத்தைத் தானே எழுதி வைத்துவிட்டுத்தான் அந்த அம்மையார் போயிருக்கிறார். நாம்தான் அதைப் படிக்காமல் பட்டியல் போடுகிறோம்.

விநாயகர் அகவலும் ஔவை குறளும் யோக நெறி பேசும் நூல்கள். அவற்றைப் பாடியவர் மூன்றாவது ஒருவர் என்பாரும் உண்டு, எண்ணிக்கையை இன்னும் கூட்டிக்கொண்டே போவாரும் உண்டு. எத்தனை பேர் என்ற வழக்கை நீங்கள் தீர்க்க வேண்டாம். ஒருவர் அல்லர் என்பது உறுதி, அதை மட்டும் பட்டியல் ஒத்துக்கொண்டால் போதும்.

இந்தக் கலப்பை நீங்கள் தொடங்கி வைக்கவில்லை என்பதும் தெரியும். கதை சொன்னவர்கள் எப்போதோ எல்லாரையும் ஒரே பாட்டியாக்கிவிட்டார்கள். சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என்று மரத்தில் உட்கார்ந்து முருகன் கேட்டதும் அந்தப் பாட்டியிடம்தான். 1953இல் ஜெமினி எடுத்த படத்தில் கே. பி. சுந்தராம்பாள் அந்தப் பாட்டிக்கு ஒரு முகமும் குரலும் கொடுத்தார். 1968 உலகத் தமிழ் மாநாட்டின்போது மெரினாவில் அவருக்குச் சிலையும் வந்துவிட்டது. கதைக்கும் படத்துக்கும் சிலைக்கும் அந்த உரிமை உண்டு, அதில் எனக்குச் சண்டை இல்லை. பட்டியலுக்கு மட்டும் அந்த உரிமை கிடையாது.

ஔவையாரோடு இது முடிந்துவிடுவதும் இல்லை. நெடுநல்வாடை பாடிய நக்கீரரை எடுத்துக்கொள்ளுங்கள். சைவப் பாடல் தொகுப்பான பதினோராம் திருமுறையில் நக்கீரதேவ நாயனார் பெயரில் 10 நூல்கள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று பத்துப்பாட்டில் இருக்கும் அதே திருமுருகாற்றுப்படை. மற்ற 9 நூல்களில் கயிலையையும் காளத்தியையும் மாறி மாறிப் பாடும் அந்தாதி உண்டு, கண்ணப்பரைப் பாடும் திருமறம் உண்டு. அவற்றின் நடையும் பக்தியும் சங்கப் புலவருடையவை அல்ல. அகப்பொருள் இலக்கணமான இறையனார் களவியலின் உரையையும் நக்கீரர் பெயரிலேயே வழங்குகிறோம். அந்த உரையோ, தான் நக்கீரரில் தொடங்கி ஆசிரியர் பரம்பரையாகப் பத்துத் தலைமுறை வாய்வழி வந்து முசிறி ஆசிரியர் நீலகண்டனாரிடம் சேர்ந்ததாகத் தானே சொல்கிறது. கூடவே நெடுமாறன் என்ற பாண்டியனைப் புகழும் கோவைப் பாடல்களை மேற்கோளாக அள்ளி வைத்திருக்கிறது. அந்தப் பாண்டியன் சங்கம் முடிந்து சில நூற்றாண்டுகளுக்குப் பிறகு வந்தவன்.

கல்லாடர் கதை இதைவிட நெருக்கடி. சங்கப் புலவர் ஒருவர். பதினோராம் திருமுறையில் கல்லாடதேவ நாயனார். 'கல்லாடம் படித்தவனோடு மல்லாடாதே' என்று பழமொழியே உண்டான அந்த நூலின் ஆசிரியர். போதாததற்குத் தொல்காப்பியத்துக்கு உரை எழுதிய கல்லாடரும் இருக்கிறார். ஒரே பெயரைச் சொடுக்கினால் இந்த நால்வரும் கைகோத்து வருவார்கள். சங்க இடைக்காடனாரும் 'தாண்டவக்கோனே' பாடிய சித்தர் இடைக்காடரும் அப்படித்தான். திருவிடைமருதூர் மும்மணிக்கோவை பாடிய பட்டினத்தாரும், தாய்க்குக் கொள்ளி வைத்தபோது 'முன்னை இட்ட தீ' பாடிய பட்டினத்தாரும் அப்படித்தான்.

உண்மையில் சிக்கலான இடம் பெருந்தேவனார். எட்டுத்தொகையில் ஐந்து நூல்களுக்குக் கடவுள் வாழ்த்துப் பாடியவரை, மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டத்தான் 'பாரதம் பாடிய பெருந்தேவனார்' என்று அடைமொழி சேர்த்தார்கள். ஆனால் 9ஆம் நூற்றாண்டில், தெள்ளாற்றில் வென்ற பல்லவன் நந்திவர்மன் காலத்தில், பாரத வெண்பா பாடியவர் பெயரும் பெருந்தேவனார். பிரித்துக் காட்ட வைத்த அடைமொழியே இருவரையும் சேர்த்துக் கட்டிவிட்டது! 11ஆம் நூற்றாண்டின் இலக்கண நூலான வீரசோழியத்துக்கு உரை எழுதியவரும் ஒரு பெருந்தேவனார். நற்றிணையிலும் அகநானூற்றிலும் பாடல் உள்ள பெருந்தேவனார் ஒருவர் வேறு.

இதற்குப் புது முறை எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. சங்கப் பாடல்களுக்குப் பாடியவர் யார் என்று அடிக்குறிப்பு எழுதி வைத்தவர்கள் பெயர்க் குழப்பத்தை நன்றாகத் தெரிந்தவர்கள். சாத்தன் என்ற பெயர் அன்று தெருவுக்கு ஒன்று இருந்திருக்கும்போல. அதனால் அவர்கள் வெறுமனே சாத்தனார் என்று எழுதிவிட்டுப் போகவில்லை. சீத்தலைச் சாத்தனார், ஆடுதுறை மாசாத்தனார், ஒக்கூர் மாசாத்தனார், உறையூர் முதுகண்ணன் சாத்தனார் என்று ஊரையும் தந்தையையும் சேர்த்தார்கள். தேவைப்பட்டால் தொழிலைச் சேர்த்தார்கள்: மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார். இரண்டு கடுங்கோ இருந்தால் பாடிய திணையைக் கொண்டே பிரித்தார்கள்: பாலை பாடிய பெருங்கடுங்கோ, மருதம் பாடிய இளங்கடுங்கோ. பெயரே தெரியாத புலவரையும் பெயரில்லாதவர் என்று ஒரு மூட்டையில் கட்டிப் போடவில்லை. பாட்டில் மின்னிய ஒரு தொடரை எடுத்துச் செம்புலப்பெயனீரார், அணிலாடு முன்றிலார் என்று ஆளுக்கொரு பெயர் கொடுத்தார்கள். தரவு பதிவதில் இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரிந்து இல்லை.

மன்னர்கள் விஷயத்தில் அவர்கள் காட்டிய கவனம் இன்னும் அழகு. சோழர்களில், உயிரோடு இருக்கும்வரை ஒரு வளவனுக்கும் இன்னொரு வளவனுக்கும் பட்டத்தில் வேறுபாடு குறைவு. ஆனால் இருவரும் ஒரே இடத்தில் இறப்பது அரிது. ஆகவே செத்த இடத்தை வைத்தே ஆளைப் பிரித்தார்கள். குளமுற்றத்துத் துஞ்சிய கிள்ளிவளவன் ஒருவன், குராப்பள்ளித் துஞ்சிய கிள்ளிவளவன் ஒருவன். பாண்டியர்களில் சித்திரமாடத்துத் துஞ்சிய நன்மாறன், இலவந்திகைப்பள்ளித் துஞ்சிய நன்மாறன். வெள்ளியம்பலத்துத் துஞ்சிய பெருவழுதி, கூடகாரத்துத் துஞ்சிய மாறன் வழுதி. குராப்பள்ளியில் பெருந்திருமாவளவன் என்ற இன்னொரு சோழனும் துஞ்சியிருப்பதால் இடத்தை மட்டும் வைத்தும் முடிவு செய்ய முடியாது, பெயரும் இடமும் சேர்ந்தே ஓர் ஆள். துஞ்சிய என்ற இந்த அடையைப் பழைய வழக்கம் என்று நினைத்து வெட்டிவிட்டுக் 'கிள்ளிவளவன்' என்று மட்டும் பதிந்திருக்கும் பட்டியல்கள் உண்டு. அவற்றைப் பார்க்கும்போது உண்மையிலேயே கோபம் வருகிறது. இருந்த தகவலை எடுத்து எறிந்திருக்கிறோம்.

இந்தத் தகவல் எறியப்பட்டால் என்ன ஆகும் என்று அறிய மணிமேகலையைப் பார்க்கலாம். அதன் ஆசிரியர் கூலவாணிகன் சாத்தனார், அதாவது தானிய வணிகர். எட்டுத்தொகையில் இருப்பவர் சீத்தலைச் சாத்தனார். இருவரையும் ஒட்டி 'மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார்' என்று நீளமான பெயரை உருவாக்கி, பிழையான பாட்டைக் கேட்டால் எழுத்தாணியால் தலையில் குத்திக்கொண்டதால் புண்ணாகிச் சீப்பிடித்த தலையே சீத்தலை என்று ஒரு கதையையும் அதற்குத் துணைக்கு வைத்தாயிற்று. இருவரும் ஒருவரே என்று வாதிடும் அறிஞர்களும் உண்டு, வாதிடட்டும். ஆனால் வாதத்தின் முடிவைப் பட்டியல் முன்கூட்டியே எடுக்கக் கூடாது. இரண்டு பதிவுகளாக வைத்து, 'ஒருவரே எனக் கருதுவோரும் உண்டு' என்று ஒரு வரி எழுதி இணைப்புக் கொடுங்கள். பிரித்து வைத்ததைப் பின்னால் சேர்ப்பது எளிது. சேர்த்துக் குழப்பியதைப் பிரிக்க ஒவ்வொரு நூலாக மறுபடி திறந்து பார்க்க வேண்டும்.

கல்வெட்டுத் துறையினர் இந்தத் தலைவலியோடு நூறு ஆண்டுகளுக்கு மேல் குடும்பம் நடத்தியவர்கள். சோழ மன்னர்கள் இராசகேசரி, பரகேசரி என்ற இரண்டு பட்டங்களை மாற்றி மாற்றிச் சூடிக்கொண்டார்கள். ஒரு கல்லில் வெறும் 'கோப்பரகேசரி' என்று மட்டும் இருந்தால் அது யாராகவும் இருக்கலாம். 'மதிரை கொண்ட' என்று முன்னால் இருந்தால் முதலாம் பராந்தகன். 'பாண்டியன் தலை கொண்ட' என்று இருந்தால் ஆதித்த கரிகாலன் என்று பலரும் கொள்கிறார்கள். (இந்த ஆதித்த கரிகாலனைக் கரிகால் பெருவளத்தானோடு சேர்த்துக் கல்லணை கட்ட அனுப்பிவிடும் பள்ளிக் கட்டுரைகள் தனி ரகம்.) பாண்டியர்களிலும் சுந்தர பாண்டியன் பலர். 1216இல் பட்டத்துக்கு வந்த மாறவர்மன் 'சோணாடு வழங்கியருளிய' சுந்தர பாண்டியன். 1251இல் வந்த சடையவர்மன் 'எம்மண்டலமும் கொண்டருளிய' சுந்தர பாண்டியன். இந்த அடைகளும் இல்லாத கல்வெட்டுகளில், ஆட்சியாண்டோடு குறித்திருக்கும் நாள், நட்சத்திரம், திதி ஆகியவற்றைக் கணக்குப் போட்டு எந்த மன்னன் என்று பிரித்தார்கள். ஜெர்மன் அறிஞர் கீல்ஹார்ன் முதலியோர் அந்தக் கணக்கில் இறங்கினார்கள். நம்மூர் எல். டி. சாமிக்கண்ணுப் பிள்ளை அதற்காகவே பஞ்சாங்கக் கணிதத்தில் மூழ்கிக் கிடந்தார். ஒரு பெயர், ஒரு மன்னன் என்று அவர்கள் சும்மா இருந்திருந்தால் பாண்டியர் வரலாறே கிடைத்திருக்காது.

பழங்காலத்தை விடுங்கள், அச்சுக் காலத்திலேயே இது நடக்கிறது. கதிரைவேற்பிள்ளை என்று தேடுங்கள். 19ஆம் நூற்றாண்டில் பிறந்த இருவர், இருவரும் யாழ்ப்பாணத்தவர், இருவருமே அகராதிக்காரர்கள். கு. கதிரைவேற்பிள்ளை தொகுத்ததை மதுரைத் தமிழ்ச் சங்கம் வெளியிட்டது. நா. கதிரைவேற்பிள்ளை சென்னையில் ஆசிரியராக இருந்தவர், திரு. வி. க.வின் ஆசான், வள்ளலார் பாடல்களை அருட்பா எனலாமா என்று எழுந்த அருட்பா - மருட்பாச் சண்டையில் முன்னால் நின்றவர். இருவருக்கும் நடுவே இருப்பது ஓர் எழுத்தும் ஒரு புள்ளியும்தான். தேடலை எளிதாக்குகிறோம் என்று முன்னெழுத்தை நீக்கிவிட்டால் இரண்டு அகராதிகளும் ஒருவர் தலையில் விழும். குடும்பப் பெயர் வைத்துக்கொள்ளாத நமக்கு முன்னெழுத்து வெறும் அலங்காரம் இல்லை, ஆளைக் காட்டும் அடையாளமே அதுதான்.

'இதனால் யாருக்கு என்ன நஷ்டம், பாட்டு நல்ல பாட்டாக இருந்தால் சரி' என்று கேட்கலாம். ஒரே ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். 'சாதி இரண்டொழிய வேறில்லை' என்ற நல்வழி வெண்பாவை மேடையில் சொல்லும்போது, இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே தமிழச்சி ஒருத்தி பாடினாள் என்று பெருமையோடு சேர்த்துச் சொல்கிறார்கள். கைதட்டலும் கிடைக்கிறது. ஆனால் பிற்காலச் சோழர் ஆட்சியை ஒட்டிய காலத்தில், பிறப்பு வேறுபாடு சமூகத்தில் இறுகிக் கிடந்தபோது, இட்டார் பெரியோர் இடாதார் இழிகுலத்தார் என்று ஒருவர் எழுந்து பாடினார் என்றால் அந்தப் பாட்டின் துணிச்சலே வேறு. ஆயிரம் ஆண்டு பின்னுக்குத் தள்ளி வைத்து நாம் அவருடைய துணிச்சலைப் பறித்துவிடுகிறோம். அதே நேரம் சங்க ஔவையாரின் தூதும் கள்ளும் காதல் கொதிப்பும் ஊன்றுகோல் பாட்டிக்குப் பொருந்தாதவை என்பதால் பாடநூலுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. இரண்டு பெரிய கவிஞர்களில் ஒருவர் காலத்தை இழக்கிறார், மற்றவர் தன் இயல்பை இழக்கிறார்.

இன்னொரு வகையும் உண்டு, அதையும் இதோடு சேர்த்துக் குழப்ப வேண்டாம். நளவெண்பா பாடிய புகழேந்தியும் அல்லி அரசாணி மாலைப் புத்தகத்தின் முகப்பில் அச்சான புகழேந்தியும் ஒரே பெயர் கொண்ட இருவர் என்று சொல்ல முடியாது. இரண்டாவது, எவரோ பாடிய கதைப்பாட்டுக்கு ஒரு பெரிய பெயரை ஏற்றிச் சொன்ன வழக்கம். ஞானவெட்டியானைத் திருவள்ளுவர் பெயரிலும், எண்ணற்ற மருத்துவச் சுவடிகளை அகத்தியர் பெயரிலும் ஏற்றியது போல. இவற்றுக்கு 'இன்னார் பெயரால் வழங்குவது' என்று ஒரு குறிப்புப் போதும். அதை எழுதினால் வாசகர் மனம் புண்படுமோ என்று தயங்க வேண்டாம். சித்த மருத்துவச் சுவடியின் மதிப்பு அதில் உள்ள மருந்தைப் பொறுத்தது.

எதிர்ப்பக்கத்து ஆபத்தும் இருக்கிறது. நடை கொஞ்சம் மாறினால் உடனே 'இவர் வேறு கபிலர்' என்று வெட்டத் தொடங்கினால் முடிவே இருக்காது. பாரியின் நண்பராகப் புறம் பாடியவரும் குறிஞ்சித்திணையில் அகம் பாடியவரும் ஒருவராக இருக்க எந்தத் தடையும் இல்லை. ஒரு கவிஞனுக்கு இரண்டு குரல் இருக்கக் கூடாதா என்ன? ஆனால் இன்னா நாற்பது பாடிய கபிலரையும், பதினோராம் திருமுறைக் கபிலதேவ நாயனாரையும் அவரோடு சேர்க்க எனக்குத் துணிவில்லை. நூலுக்குள்ளேயே சான்று இருந்தால் பிரியுங்கள், இல்லையென்றால் பழைய பதிப்பாசிரியர்கள் எப்படி வைத்தார்களோ அப்படியே வையுங்கள்.

நடைமுறையில் கேட்பது சிறிது. ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் பெயரைச் சாராத ஓர் எண் கொடுங்கள். திரையில் பெயர் தெரியட்டும், உள்ளே நூல்கள் எண்ணோடு கட்டப்பட்டிருக்கட்டும். பெயருக்குப் பக்கத்தில் நூற்றாண்டோ தொகை நூலின் பெயரோ வரட்டும்: ஔவையார் (சங்கம்), ஔவையார் (நீதி நூல்கள்), ஔவையார் (விநாயகர் அகவல்). துஞ்சிய இடம், ஊர், தொழில், முன்னெழுத்து என மூலத்தில் இருக்கும் எதையும் வெட்டாதீர்கள். ஒரு பட்டியலில் இருப்பதை இன்னொரு பட்டியல் அப்படியே நகலெடுக்கிறது, அதிலிருந்து போட்டித் தேர்வுக் கையேடு எடுக்கிறது, அங்கிருந்து தேடுபொறி எடுத்துக் கேட்டவருக்கெல்லாம் ஒரே பதிலாகச் சொல்கிறது. மூலப் பட்டியலில் திருத்தினால் மற்றவை மெல்ல மெல்லத் திருந்தும்.

எல்லாவற்றையும் ஒரே நாளில் செய்ய வேண்டியதில்லை. பெருந்தேவனாரில் தொடங்கலாம். நூல்கள் குறைவு, சண்டை போட ஆளும் குறைவு. கடவுள் வாழ்த்துகளுக்கு ஒரு பதிவு, பாரத வெண்பாவுக்கு ஒன்று, வீரசோழிய உரைக்கு ஒன்று, நற்றிணை - அகநானூற்றுப் பாடல்களுக்கு ஒன்று. அது சரியாக வந்தால் அடுத்து கல்லாடரை எடுங்கள். நூல்களைப் புரட்டிச் சான்று தேடித் தர என்னைப் போன்ற வாசகர்கள் பலர் சும்மாதான் இருக்கிறோம், திருத்தம் அனுப்ப ஒரு பொத்தான் மட்டும் வைத்துவிடுங்கள்.

அன்புடன்,
உங்கள் பட்டியல்களில் தினமும் தேடும் ஒரு வாசகர்